சாட்சிக் கூண்டும் கதைப் புத்தகமும்



சென்ற மாதம் ஒரு நண்பகலில், திருவரங்கம் தீவிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து, பேருந்து ஏறி வந்து, பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தார் ஒரு மூதாட்டி. கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஆங்கிலத்தில் அச்சிட்ட பதினான்கு பக்கங்கள். மதுரையிலுள்ள உயர்நீதிமன்றக் கிளை அளித்த தீர்ப்பின் நகல் அது. அவருடைய தங்கை தொடுத்த பாகப்பிரிவினை வழக்கு. ஒரு வாழைக்கொல்லையும் அதையொட்டிய வீட்டுமனையும் பற்றியது. முதல் நீதிமன்றத்தில் வெற்றி. முதல் மேல்முறையீட்டில் தோல்வி. இரண்டாம் மேல்முறையீடும் தள்ளுபடி. வழக்கறிஞர் தொலைபேசியில், “தோற்றுவிட்டோம் அம்மா” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

“ஏன் தோத்தோம்னு இதிலே எழுதியிருக்குமில்லே, சாமி? அதைப் படிச்சுச் சொல்லுங்க” என்றார்.

படித்தேன், படித்துத் தமிழில் சொன்னேன். முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியங்களை மீண்டும் எடைபோடலாம். இரண்டாம் மேல்முறையீட்டிலோ சட்டம் பற்றிய கேள்விக்கு மட்டுமே இடம் உண்டு என்பதையும் விளக்கினேன். எட்டாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது: வாதி தரப்பின் மூன்றாம் சாட்சி நெருங்கிய உறவினராதலால் அக்கறையுள்ள சாட்சி, அவருடைய சாட்சியத்தைக் கீழ் நீதிமன்றம் ஏற்காததில் தலையிட இயலாது. அந்த மூன்றாம் சாட்சி இவர்தான். நாற்பது ஆண்டுக் குடும்ப வரலாற்றை ஒரு காலை முழுதும் கூண்டில் நின்று சொன்னவர்.

“நான் அவ்வளவு சொன்னேனே, இவ்வளவுதானா?” என்றார். சற்றுநேரம் கழித்து, “கூடப்பிறந்தவளுக்கு அக்கறை இல்லாமே வேறே யாருக்கு சாமி இருக்கும்?” என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. தீர்ப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆயினும், தம்மைப்பற்றி எழுதப்பட்ட ஒரே வரியைப் பிறர் வாய்வழி கேட்டறிய வேண்டிய நிலையில் அவர் இருந்தாரே, அது மனத்தை விட்டு அகலவில்லை. அன்று மாலை என் நூலடுக்கிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தேன். இம்மாதம் அதைப்பற்றியே உங்களோடு பேச விழைகிறேன்.

அப்புத்தகம் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. தமிழில் தோன்றிய முதல் நாவல் என்று போற்றப்படுவது. 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. இயற்றியவர் மாயூரம் ச. வேதநாயகம் பிள்ளை, நம் மண்ணின் மைந்தர், நம் திருச்சபையின் பிள்ளை. 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள குளத்தூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தியாகராச பிள்ளை என்னும் ஆசிரியரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்று, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக அமர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். அதன்பின் முனிசீப்பாகித் தரங்கம்பாடி, சீர்காழி முதலிய ஊர்களில் நீதி வழங்கி, மாயூரத்தில் மட்டும் பதின்மூன்று ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். ஊரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

பள்ளிக்கூடத்தில் இவரைப்பற்றிப் படித்தவர்கள் ‘முதல் நாவலாசிரியர்’ என்ற ஒரு குறிப்போடு நிறுத்திக்கொள்வார்கள். முனிசீப் என்பது அவருடைய வயிற்றுப்பாடு, நாவல் என்பது அவருடைய பொழுதுபோக்கு என்பதுபோல் இரண்டையும் தனித்தனியே வைத்துவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படியே எண்ணியிருந்தேன். மூதாட்டியின் பதினான்கு பக்கங்களைப் படித்த பிறகே, அந்த நாவல் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புலப்பட்டது. அது நீதிமன்றத்துக்குள்ளிருந்து வந்தது.

எண்ணிப் பாருங்கள். 1802ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்தின் தெற்குப் பகுதிக்கான பிராந்திய நீதிமன்றம் நம் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. 1843இல் அது கலைக்கப்பட்ட பின்னரும் இந்நகர் ஜில்லா நீதிமன்றத்தின் இருப்பிடமாகத் தொடர்ந்தது. அங்கே ஆவணக் காப்பாளரின் வேலை என்ன? மக்களின் சண்டைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி அடுக்குவது. மொழிபெயர்ப்பாளரின் வேலை என்ன? குடியானவன் தமிழில் அழுததை வெள்ளைக்கார நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்வது. நீதிபதி ஆங்கிலத்தில் தீர்த்ததைக் குடியானவனுக்குத் தமிழில் சொல்வது. இரண்டு கரைகளுக்கும் நடுவே நாள்தோறும் ஓடம் விட்டவர் அவர். எந்தக் கரையில் எது தவறி விழுகிறது என்பதை ஓடக்காரனைவிட நன்கு அறிந்தவர் யார்?

நீதிமன்றத் தமிழே ஒரு வேடிக்கையான தமிழ். வக்கீல், வக்காலத்து, தாவா, பைசல், ஜாமீன், ஜப்தி, அமீனா என எல்லாம் அரபு, பாரசீக வழியில் வந்த சொற்கள். நவாபு ஆட்சி போயும் சொற்கள் போகவில்லை. அவற்றின்மேல் ஆங்கிலச் சட்டம் வந்து அமர்ந்தது. ‘முனிசீப்’ என்பதும் அரபுச் சொல்லே. ‘பாதி’ என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. இரு தரப்புக்கும் சமமாகப் பகுத்துக் கொடுப்பவர் என்று கருத்து. பாகப்பிரிவினைக்கு அடித்துக்கொள்ளும் நம் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பதவிப் பெயர் கிடையாது!

வேதநாயகர் செய்த முதற்பெரும் பணி கதையன்று. 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் வெளியிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் தொடங்கப்பெற்று, சதர் நீதிமன்றம் அதனுள் கலந்த ஆண்டும் அதுவே. ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகள்! அரசு பணித்து ஆள்வைத்துச் செய்யவேண்டிய வேலை. தங்களை ஆளும் சட்டம் எதுவென்று ஆளப்படுவோர் தம் மொழியில் அறியவேண்டும் என்னும் எண்ணம் இல்லாதவர் இதில் கைவைத்திருக்க மாட்டார். நாவலை நாம் நினைவில் வைத்தோம், இதனை மறந்துவிட்டோம். என் எளிய கருத்தில், நாவலுக்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது.

ஏனெனில் அக்காலத்துத் தமிழ்ப் புலமை என்றால் செய்யுள்தான். வேதநாயகரும் செய்யுளில் வல்லவரே. 1859இல் ‘நீதிநூல்’ இயற்றினார். கைக்கூலி வாங்குவோரை அதில் ஓர் அதிகாரம் வைத்துச் சாடினார். நீதிமன்ற வளாகத்தில் அமர்ந்துகொண்டு கைக்கூலியைக் கண்டித்துப் பாடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை, இன்றும் ஒரு நகலுக்காக மேசை மேசையாக அலைந்தவர்கள் உணர்வார்கள். திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்து, திருவானைக்கா அகிலாண்டநாயகிக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவருடைய உயிர் நண்பர்; வேதநாயகரையே பாட்டுடைத் தலைவராக வைத்துக் ‘குளத்துக் கோவை’ பாடியவர். சைவப் பெரும்புலவர் ஒருவர் கத்தோலிக்க முனிசீப்பைக் கோவைத் தலைவராக்கினார். அந்த முனிசீப் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர்மீது செய்யுள் பாடினார். அந்தக் காலத்து நட்பு அப்படி.

இத்தகைய புலவர் கூட்டத்தில் இருந்தவர் ஏன் உரைநடைக்கு வந்தார்? தமிழில் உரைநடை நூல்கள் போதிய அளவில் இல்லை, அக்குறையை நீக்கவே எழுதினேன் என்று நாவலின் முன்னுரையில் அவரே சொல்கிறார். உரைநடை அறவே இல்லாமற் போகவில்லை. உரையாசிரியர்கள் இருந்தார்கள், நம் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை இருந்தது, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருந்தது. ஆனால் ஒரு சாதாரண மனிதன் தன் வாழ்க்கையைத் தொடக்கம் முதல் முடிவு வரை, இன்ன நாள், இன்ன இடம், இன்னார் சொன்னார், நான் இன்னது செய்தேன் என்று உரைநடையில் சொன்னது எங்கே? நீதிமன்றத்தில்தான்! வாக்குமூலம் என்பது வேறென்ன? செய்யுளில் சாட்சி சொல்ல இயலாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு காலையும் அந்த உரைநடை வேதநாயகரின் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

நாவலைத் திறந்தால், பிரதாப முதலியாரே தன் கதையை ‘நான்’ என்று சொல்லத் தொடங்குகிறார். தன் பிறப்பு, தன் குலம், தான் செய்த அசட்டுத்தனங்கள் அனைத்தையும் ஒளிவு மறைவின்றிச் சொல்கிறார். நடுநடுவே கேட்கப்படாத கதைகளையும் சொல்கிறார். சாட்சிக் கூண்டில் ஏறிய கிழவரை, “கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்” என்று வக்கீல் அடக்கினாலும் அவர் தம் பாட்டனாரிலிருந்து தொடங்குவார் அல்லவா? அந்தக் குரல்தான் இது. நீதிபதி ஆசனத்தில் இருந்தபோது நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்த பேச்சையெல்லாம், எழுத்தாளராக அமர்ந்தபோது அவர் பேசவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதைக்குள்ளும் வழக்குகளுக்குக் குறைவில்லை. விக்கிரமபுரியில் பிரதாபன் தன் காலணியைத் தைத்துத் தரும்படி ஒரு தொழிலாளியிடம் கொடுக்கிறான். கூலி பேசவில்லை, உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று மட்டும் சொல்கிறான். வேலை முடிந்தபின் எவ்வளவு கொடுத்தாலும், எனக்குச் சந்தோஷம் உண்டாகவில்லை என்கிறான் அவன். வழக்கு நீதிமன்றம் போகிறது. பேதை பிரதாபன் சிறைக்குப் போகிறான். அந்நகரில் ஆண்வேடத்தில் அரசு கட்டிலில் இருப்பவள் அவன் மனைவி ஞானாம்பாள். வழக்கு அவள் முன் வரும்போது, அந்தச் ‘சந்தோஷம்’ என்னும் அதே சொல்லைக்கொண்டே வாதியை மடக்கி அவள் தீர்ப்பளிக்கிறாள்.

இது பாட்டி கதைபோல் இருக்கிறது என்று சிலர் சிரிப்பார்கள். நானும் குருமடத்தில் படித்த நாளில் சிரித்தவனே. ஆனால் ஒப்பந்தத்தில் அளவு குறிக்கப்படாத ஒரு சொல்லால் எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கின்றன! ‘அனுபவித்துக் கொள்ளவும்’, ‘வழக்கம்போல் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதிய பத்திரங்களை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பிகள் இருபது ஆண்டு வழக்காடுவதை நம் பங்குகளிலேயே காண்கிறோம். அத்தகைய பத்திரங்களை ஆயிரக்கணக்கில் புரட்டிய கை எழுதிய கதை அது.

ஞானாம்பாளை நீதி வழங்கும் இருக்கையில் அமர்த்தியதையும் கவனிக்க வேண்டும். 1869இல் ‘பெண்மதிமாலை’ எழுதிப் பெண்கல்விக்கு வாதாடியவர் வேதநாயகர். நாவலில் பிரதாபனும் ஞானாம்பாளும் ஒன்றாகவே கல்வி கற்கிறார்கள். அவள்தான் அறிவிற் சிறந்தவள். பெயரெழுதத் தெரியாமல் பத்திரத்தில் கீறல் போட்டுச் சொத்தை இழந்த விதவைகளை மாயூரத்து முனிசீப் காணாமல் இருந்திருப்பாரா? தாம் அமர்ந்த நாற்காலியில் ஒரு பெண்ணை அமர்த்திப் பார்க்க அன்றைய சட்டம் இடந்தரவில்லை; கதை இடந்தந்தது. அவளுக்கும் ஆண்வேடம் போடவேண்டியிருந்தது என்பது வேறு செய்தி.

இனி, மூதாட்டியின் பதினான்கு பக்கங்களுக்கு வருவோம். நாவலில் ஓரிடத்தில் நீதிமன்ற மொழியைப்பற்றி நீண்ட விவாதம் வருகிறது. நீதிபதிக்கும் தமிழ் தெரியும், வக்கீலும் தமிழர், வழக்காடிகளும் தமிழர், அப்படியிருக்க வாதம் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் நடக்கவேண்டும் என்று வேதநாயகர் கேட்கிறார். தன் வீடு வாசல் பறிபோகும் பேச்சு தன் முன்னாலேயே நடந்துகொண்டிருக்க, ஒன்றும் விளங்காமல் வாயைப் பார்த்து நிற்கும் கட்சிக்காரனைக் காட்டி எள்ளி நகையாடுகிறார். இதனை எழுதியவர் ஆங்கிலம் அறியாத பகைவர் அல்லர். அந்த ஆங்கிலத்தாலேயே பிழைத்த மொழிபெயர்ப்பாளர். அதனால்தான் அந்தப் பரிகாசத்தில் முள் இருக்கிறது.

அவருக்குப் பின் நிலைமை மாறாமலில்லை. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது; 1976இல் செய்யப்பட்ட திருத்தத்தால் கீழ் நீதிமன்றங்களிலும் தமிழ் இடம்பெற்றது. மூதாட்டியின் தங்கை வென்ற முதல் தீர்ப்பு தமிழில்தான் இருந்தது; பேத்தி படித்துக் காட்டினாளாம். உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2012இல் உச்சநீதிமன்றம் அதற்கு இசையவில்லை. ஆங்கிலம் நீடிப்பதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. பிற மாநிலத்து நீதிபதிகள் வருகிறார்கள். முன்தீர்ப்புகள் ஆங்கிலத்தில் உள்ளன. நாடு முழுதும் ஒரே சொல்லுக்கு ஒரே பொருள் இருக்கவேண்டும். இவற்றை வேதநாயகரும் அறிந்திருப்பார். ஆனால் முன்தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பதற்கு அவர் கண்ட மறுமொழி, அவற்றை உட்கார்ந்து தமிழாக்கியது. வாதம் செய்வதைவிட அது கடினமான வேலை.

வேறொன்றும் என்னை வியக்கவைத்தது. வங்காளத்தின் முதற்பெரும் நாவலாசிரியர் பங்கிம் சந்திரர் 1858 முதல் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். மலையாளத்தின் புகழ்பெற்ற ‘இந்துலேகா’வை 1889இல் எழுதிய சந்து மேனோன் மலபாரில் முனிசீப். ஆங்கிலத்தில் டிக்கன்ஸ் இளமையில் வக்கீல் அலுவலகக் குமாஸ்தா. வால்டர் ஸ்காட் வழக்கறிஞர். இவர்களுக்கெல்லாம் முன்னே, நம் புனித தாமஸ் மோர் பெரிய வழக்கறிஞராயிருந்துகொண்டே 1516இல் ‘உட்டோப்பியா’ என்னும் கற்பனை நாட்டைப் படைத்தார். அந்நாட்டில் வழக்கறிஞர்களுக்கே இடம் வைக்கவில்லை! ஒவ்வொருவன் தன் வழக்கைத் தானே நீதிபதியிடம் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். நம் வழக்கறிஞர் அன்பர்கள் என்மீது சினம் கொள்ளவேண்டாம். சொன்னவர் அவர்கள் தொழிலின் பாதுகாவலர்.

நாவலின் குறையையும் சொல்லிவிடுவது நேர்மை. இங்கும் முனிசீப்தான் பொறுப்பாளி. தீர்ப்பு எழுதிய கை, கதையிலும் தீர்ப்பு எழுதாமல் விடுவதில்லை. எவன் நல்லவன், எவன் கெட்டவன், அதனால் நாம் அறியவேண்டியது என்ன என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முடிவுரை வைத்துவிடுகிறார். தலைமை மாந்தரைக் குற்றமற்ற நற்குணம் உடையவர்களாகவே படைத்தேன், ஆங்கில அறிஞர் ஜான்சன் கருத்தும் அதுவே என்று முன்னுரையில் நியாயமும் காட்டுகிறார். சாட்சிகளின் பேச்சைக் கேட்டுச் சுவைத்த மனிதரும், மேசையைத் தட்டித் தீர்ப்புரைக்கும் மனிதரும் ஒரே பக்கத்தில் மாறி மாறி வருகிறார்கள். முன்னவர் வரும் பக்கங்கள் இன்றும் சிரிக்கவைக்கின்றன. பின்னவர் வரும் பக்கங்களை நான் சற்று வேகமாகத் தள்ளிவிடுகிறேன். ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்பவன் இதைச் சொல்வது பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த நோய் எனக்கும் உண்டு. அதனால்தான் அடையாளம் தெரிகிறது.

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் தம் பொருளை ஏழைகளுக்கு வாரி வழங்கினார் வேதநாயகர். அதைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டு வெளிவந்தது இந்தச் சிரிக்கவைக்கும் நாவல். 1887இல் ‘சுகுணசுந்தரி’ என்னும் இரண்டாம் நாவலையும் எழுதி, 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

மூதாட்டி மறுவாரமும் வந்தார். வழக்கைப்பற்றி இனி எதுவும் செய்வதற்கில்லை என்று தங்கையிடம் சொல்லிவிட்டாராம். தீர்ப்பின் எட்டாம் பக்கத்தை மட்டும் தமிழில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். இரண்டுமுறை பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் பிரதாப முதலியாரையும் கொடுத்தனுப்பினேன். காலணி வழக்கு வரை படித்தாகிவிட்டதாம். பாட்டி ஒவ்வொரு வழக்குக்கும் முன்கூட்டியே தம் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறாராம்.

‘சித்தாந்த சங்கிரகம்’ நூலின் பழைய படி உங்களுள் எவர் வீட்டுப் பரணிலாவது கிடக்குமாயின், பங்கு இல்லத்துக்குச் சிலநாள் இரவலாகத் தந்துதவ வேண்டுகிறேன். கரையான் அரித்திருந்தாலும் குற்றமில்லை; பத்திரமாகத் திருப்பித் தருவேன்.